‘ஜஸ்ட் எ மினிட்’ என்றால் எவ்வளவு நேரம்?

ஆபீஸில் ஒருவர் ‘ஜஸ்ட் எ செகண்ட்’ என்கிறார், இன்னொருவர் ‘கிவ் மீ எ மினிட்’ என்கிறார், போனில் ‘ஒன் மொமென்ட் ப்ளீஸ்’ என்கிறார்கள். எல்லாம் ஒன்றுதானா, நான் எதைச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. இங்கிலாந்துக்கு வந்த புதிதில் பலருக்கும் வருகிற குழப்பம்தான்.

முதலில் கடிகாரத்தை மறந்துவிடுங்கள். செகண்ட் என்றால் ‘இதோ வந்துவிட்டேன்’ என்று பொருள், அங்கேயே நிற்கலாம். மினிட் என்றால் கையில் ஏதோ வேலை இருக்கிறது, அதை முடித்துவிட்டுத்தான் திரும்புவார். ஐந்து நிமிடம்கூட ஆகும், தலைமேல் நிற்காமல் உங்கள் இடத்துக்குப் போய்விடுங்கள். மொமென்ட்டுக்கு அளவே கிடையாது. இடைக்காலத்தில் அது ஒரு மணி நேரத்தில் 40இல் ஒரு பங்காக, அதாவது 90 விநாடியாக இருந்தது. இன்று அது மரியாதைச் சொல். வரவேற்பு மேசையிலும் போனிலும் பொருந்தும், நண்பரிடம் சொன்னால் கொஞ்சம் விறைப்பாக இருக்கும். இன்ஸ்டன்ட்டைக் காத்திருக்கச் சொல்லப் பயன்படுத்த வேண்டாம். அது கண்ணிமைக்கும் நேரத்தில் நடந்து முடிவதற்கான சொல்.

மொமென்ட்டுக்கு முன்னால் வரும் குட்டிச் சொல்லைக் கவனியுங்கள். ‘இன் எ மொமென்ட்’ என்றால் சற்று நேரத்தில். ‘ஃபார் எ மொமென்ட்’ என்றால் கொஞ்ச நேரத்துக்கு. ‘அட் தி மொமென்ட்’ என்றால் இப்போதைக்கு. அது பல மாதங்கள்கூட நீளலாம். அமெரிக்கர்கள் ‘மொமென்டரிலி’ என்றால் பெரும்பாலும் ‘இதோ, சற்று நேரத்தில்’ என்றுதான் அர்த்தம். இங்கே பழைய ஆட்களுக்கு அது ‘சிறிது நேரம் மட்டும்’.

அப்புறம், மேலாளர் ‘ஹேவ் யு காட் எ மினிட்?’ என்று கேட்டால் அது ஒரு நிமிடத்தில் முடியாது. உட்கார்ந்து பேசப் போகிறார், நோட்டுப் புத்தகத்தோடு போங்கள். கூட்டத்தில் யாராவது ‘வெயிட் எ மினிட்’ என்று அழுத்திச் சொன்னால் அவர் காத்திருக்கச் சொல்லவில்லை, மறுக்கிறார்.

நம்மவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்று உண்டு: வெறும் ‘வெயிட்’ வேண்டவே வேண்டாம். நாம் ‘இருங்க’ என்று சொல்லும்போது அந்த ‘ங்க’விலேயே மரியாதை வந்துவிடுகிறது. ‘வெயிட்’டில் அப்படி எதுவும் இல்லை, அதட்டுவதுபோல்தான் கேட்கும். நல்ல மனதோடு சொல்லியும் கடுமையானவர் என்று பெயர் எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன், பாவமாக இருக்கும். ‘ஜஸ்ட் எ செகண்ட்’, ‘பேர் வித் மீ எ மொமென்ட்’ என்று ஏதாவது ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நிஜமாகவே பத்து நிமிடம் ஆகுமென்றால் ‘டென் மினிட்ஸ்’ என்றே சொல்லிவிடுங்கள். ‘டூ மினிட்ஸ்’ என்பதைப் பேச்சுவாக்கில் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் பத்து என்றால் பத்து, அதன்படி தங்கள் வேலையைத் திட்டமிட்டுக்கொள்வார்கள்.