டிராகனை நம்பினேன், அரசனைத்தான் நம்பவில்லை

கேள்வி: இருபத்திரண்டு அத்தியாயம் கொண்ட விண்வெளித் தொடர்கதை ஒன்றை உங்களுக்கு அனுப்பியிருந்தேன். பால்வீதி முழுவதையும் ஆளும் ஒரு ராஜ்யம், பதினேழு வயதில் முடிசூடும் அரசன், பத்தாயிரம் ஆண்டு தூங்கி எழுந்து உலகங்களை விழுங்க வரும் ஆதி டிராகன், இவர்களுக்குள் நடக்கும் போர். 'நம்பும்படியாக இல்லை' என்று ஒற்றை வரியில் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். டிராகன் வருகிற கதையில் நம்புவதற்கு என்ன இருக்கிறது? இதையே சோழர் காலத்தில் குதிரை, வாள், சுரங்கப்பாதை என்று எழுதியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பீர்கள்தானே?

– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர், கரூர்

பதில்: ஒற்றை வரியில் அனுப்பியது தப்புதான். இருபத்திரண்டு அத்தியாயம் உட்கார்ந்து எழுதியவருக்கு இன்னும் நாலு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன். காரமாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கேள்வியிலும் காரம் குறைவில்லை.

டிராகனை நான் முதல் அத்தியாயத்திலேயே நம்பிவிட்டேன். கடைசி வரை நம்ப முடியாமல் போனது உங்கள் அரசனை.

மூன்றாம் அத்தியாயத்தை எடுத்துக்கொள்வோம். ராஜ்யத்தின் ஓரத்தில் ஒரு கிரகத்தை டிராகன் தாக்குகிறது. அடுத்த பத்தியில் தலைநகரில் அரசன் சிம்மாசனத்திலிருந்து துள்ளி எழுகிறான். தலைநகர் பால்வீதியின் நட்டநடுவில் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பால்வீதியின் குறுக்களவு ஏறக்குறைய 1,00,000 ஒளியாண்டு. ஓரம்கூட வேண்டாம், நம் சூரியனே மையத்திலிருந்து சுமார் 26,000 ஒளியாண்டு தள்ளித்தான் இருக்கிறது. டிராகன் நம் பூமியைக் கடித்தது என்று வையுங்கள். ஒளியின் வேகத்தில் ஓடுகிற சேதி உங்கள் அரசன் காதில் விழ 26,000 ஆண்டு. 'படை புறப்படட்டும்' என்று அவன் சொன்னால் அந்தச் சொல் இங்கே வந்துசேர இன்னொரு 26,000. இன்றைக்கு 26,000 ஆண்டுக்கு முன்னால் பூமியில் பனியுகம். ஒரு பிடி நெல்லைக்கூட யாரும் விதைத்திருக்கவில்லை. அப்போது இங்கே எழுந்த அலறலுக்கு உங்கள் அரசன் இன்று காலைதான் துள்ளி எழுகிறான்.

'ஒளியை மிஞ்சும் கப்பல் வைத்திருக்கிறேனே' என்பீர்கள். வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கதைக்கு ஒரு பெரிய பொய்யை எந்த ஆசிரியரும் கேள்வி கேட்காமல் விட்டுவிடுவார். ஆனால் ஒன்பதாம் அத்தியாயத்தில் அரசனை ஒரே இரவில் எல்லைக்குக் கொண்டுபோய் இறக்கும் அந்தக் கப்பல், பதினான்காம் அத்தியாயத்தில் அகதிகளை ஏற்றிக்கொண்டு அதே தூரத்தைக் கடக்க மூன்று மாதம் எடுத்துக்கொள்கிறது. ஏன்? வாசகரை அழவைக்க உங்களுக்கு மூன்று மாதம் தேவைப்பட்டது, அவ்வளவுதான். நீங்கள் இளக்காரமாகச் சொன்ன குதிரைக் கதைகளில், நல்லதாக ஒன்றை எடுத்துப் பாருங்கள். அதில் குதிரைக்கு மூச்சு வாங்கும், காலில் லாடம் கழலும். தூதன் சத்திரத்தில் ஒரு ராத்திரி மாட்டிக்கொள்வான். அந்த ஒரு ராத்திரிக்குள் அங்கே என்னென்னவோ நடந்து முடிந்திருக்கும்.

நிஜ ராஜ்யங்களிலும் அப்படித்தான் நடந்தது. சென்னை ஜார்ஜ் கோட்டையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் லண்டனுக்கு எழுதிய கடிதம் ஆப்பிரிக்க முனையைச் சுற்றிப் போய்ச்சேர ஏறக்குறைய அரை வருடம் ஆகும். பதில் வருவதற்குள், அனுமதி கேட்ட காரியத்தை இங்கிருந்தவர்கள் முடித்தே விட்டிருப்பார்கள். இன்னொன்று: பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் நடந்த போரை முடிக்கும் ஒப்பந்தத்தில் 1814 டிசம்பர் 24 அன்று, இன்றைய பெல்ஜியத்தில் இருக்கும் கென்ட் (Ghent) நகரில் கையெழுத்தானது. அந்தச் சேதி அட்லாண்டிக்கைத் தாண்டி வருவதற்குள், 1815 ஜனவரி 8 அன்று நியூ ஆர்லியன்ஸில் இரண்டு படைகளும் மோதிக்கொண்டன. பிரிட்டிஷ் தரப்பில் சுமார் 2,000 பேர் செத்தும் காயம்பட்டும் பிடிபட்டும் போனார்கள், தளபதியும் அங்கேயே விழுந்தார். ஒரே ஒரு கடல் குறுக்கே கிடந்ததற்கே இந்தக் கூத்து. பால்வீதியில் 10,000 கோடிக்குக் குறையாத நட்சத்திரங்கள் இருக்கின்றன. அத்தனைக்கும் ஓர் அரசன் என்றால் அவன் நாணயத்தில் அச்சடித்த முகமாக வேண்டுமானால் இருக்கலாம். நிஜமாக ஆள்பவர்கள் ஆங்காங்கே உட்கார்ந்திருக்கும் ஆட்களாகத்தான் இருப்பார்கள். உங்கள் கதையில் அவர்களில் ஒருவருக்கும் பெயர்கூட இல்லை.

இப்போது உங்கள் டிராகன். அதுதான் இந்த வெளிக்குப் பொருத்தமான ஆள். சேதிக்கே ஆயிரக்கணக்கான ஆண்டு பிடிக்கிற இடத்தில், அவசரப்படாத உயிர் ஒன்று வாழ்வது நியாயமாகவே படுகிறது. என் புகார், அதற்கு வயது போதாது என்பதுதான். பத்தாயிரம் ஆண்டில் ஒளியே பால்வீதியின் பத்தில் ஒரு பங்கைத்தான் கடக்கும். 'ஒளிக்கு நெருங்கிய வேகத்தில் போனால் வயது ஏறாதே' என்று ஐன்ஸ்டீனைச் சாட்சிக்குக் கூப்பிடலாம். கூப்பிடுங்கள், டிராகனுக்குத்தான் சாட்சி சொல்வார். சிம்மாசனத்தில் உட்கார்ந்து காத்திருக்கும் பதினேழு வயதுக்காரனை அவரால் காப்பாற்ற முடியாது.

அதன் உடம்பைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 'விண்வெளியின் கொடுங்குளிரில் உறைந்து தூங்கியது' என்று ஆரம்பிக்கிறீர்கள். வீட்டில் காபி பிளாஸ்க் இருக்கிறதா? அதன் இரண்டு சுவர்களுக்கு நடுவில் இருப்பது வெற்றிடம். அதனால்தான் காலையில் ஊற்றிய காபி மத்தியானமும் சூடாக இருக்கிறது. வெற்றிடத்தில் சூட்டை வாங்கிக்கொண்டு போகக் காற்று கிடையாது. கதிர்வீச்சாக மட்டுமே வெளியேற வேண்டும், அது மெதுவாக நடக்கிற வேலை. சர்வதேச விண்வெளி நிலையத்தில் இதற்காகவே குழாய்களில் அம்மோனியாவைச் சுற்றவிட்டு, பெரிய பெரிய தகடுகளை வெளியே விரித்து வைத்திருக்கிறார்கள். வயிற்றில் நெருப்பை வைத்திருக்கும் பிராணி அங்கே குளிரில் உறையாது, உள்ளே வெந்துபோகும். நெருப்பு எரிய ஆக்சிஜனும் வேண்டும். ராக்கெட் செய்வது போல அதையும் தன்னோடு சுமந்துகொண்டுதான் வரவேண்டும்.

காற்றில்லாத இடத்தில் இறக்கையால் பறக்க முடியாதே, அதைக் கேலி செய்யலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். அப்புறம் யோசித்தால், அத்தனை அகலமான மெல்லிய இறக்கை சூட்டை வெளியேற்ற எவ்வளவு வசதி! பறக்க உதவாத இறக்கை, விரித்து ஆற்றிக்கொள்ள உதவும். அது இறக்கையை விரிக்கிறது என்றால் களைத்துப்போயிருக்கிறது என்று அர்த்தம். உங்கள் தளபதிகளுக்கு இது தெரிந்திருந்தால் போர் வேறு மாதிரி போயிருக்கும். எடுத்துக்கொள்ளுங்கள், இது என் அன்பளிப்பு.

பெயர் விஷயத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். பாதிக் கதையில் 'டிராகன்', மீதியில் 'யாளி' என்று எழுதியிருக்கிறீர்கள். யாளி கோயில் தூணில் நிற்கும் சிங்க உடம்புக்காரர், பல இடங்களில் தும்பிக்கையோடு. அவரை இதில் இழுக்காதீர்கள். டிராகன் என்றே எழுதுவதில் ஒரு குற்றமும் இல்லை. தமிழில்தான் வேண்டும் என்றால் தமிழ் பைபிளில் 'வலுசர்ப்பம்' என்ற அருமையான சொல் இருக்கிறது. வெளிப்படுத்தின விசேஷத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் வருகிறது அந்த வலுசர்ப்பம். ஏழு தலை, பத்துக் கொம்பு. வானத்து நட்சத்திரங்களில் மூன்றில் ஒரு பங்கை வாலாலேயே இழுத்துத் தள்ளிவிடுகிறது. உங்கள் டிராகன் இருபத்திரண்டு அத்தியாயத்தில் விழுங்கியது மொத்தம் நான்கு கிரகம்.

சரி, அரசனுக்கு வருகிறேன். ஆதி அரக்கி ஒருத்தியை எதிர்த்து இளையவன் ஒருவன் நிற்பது பழைய கதை. பழையது என்பதால் நான் அதைக் குறை சொல்லவில்லை. பாபிலோன்காரர்கள் சுமார் மூவாயிரம் ஆண்டுக்கு முன்பே ஏழு களிமண் பலகைகளில் அதை எழுதிவைத்தார்கள். எனுமா எலிஷ் என்று பெயர். நினிவே நகரத்து இடிபாடுகளில் கிடைத்த பலகைத் துண்டுகளைப் படித்து ஜார்ஜ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஆய்வாளர் 1876இல் வெளியிட்டார். அதில் தியாமத் என்பவள் உப்புக்கடலே உருவான ஆதித்தாய். அவளை டிராகனாக வரைந்தது பிற்காலத்தார் கைவேலை. அவள் பதினொரு வகை கோர உயிர்களைப் படைத்துத் தன் வம்சத்துத் தேவர்கள் மேலேயே படை திரட்டுகிறாள். மூத்தவர்களான ஏயாவும் அனுவும் ஆளுக்கொரு தடவை கிளம்பிப் போய், பயந்து திரும்பிவிடுகிறார்கள். அப்புறம் ஏயாவின் மகன் மர்துக்கிடம் வருகிறார்கள்.

பையன் என்ன செய்கிறான் தெரியுமா? பேரம் பேசுகிறான். நான் உங்களைக் காப்பாற்ற வேண்டுமானால் சபையைக் கூட்டி, இனிமேல் விதியை நிர்ணயிக்கும் வார்த்தை என்னுடையது என்று எழுதிக்கொடுங்கள் என்கிறான். பெரியவர்கள் விருந்துக்குக் கூடுகிறார்கள், பீர் குடித்துப் போதை ஏறிய நிலையில் சம்மதிக்கிறார்கள். அப்போதும் முழு நம்பிக்கை இல்லை. வானத்தில் ஒரு நட்சத்திரக் கூட்டத்தை வைத்து, வார்த்தையாலேயே அழித்துக்காட்டு, மறுபடி உண்டாக்கிக்காட்டு என்று பரீட்சை வைக்கிறார்கள். (முந்தைய மொழிபெயர்ப்பாளர்கள் அதை ஆடை என்று படித்தார்கள், நட்சத்திரக் கூட்டம் என்பது பின்னால் வந்த வாசிப்பு.) அதில் தேறிய பிறகுதான் வில், வலை, காற்றுகளோடு அவன் போகிறான். தியாமத் வாயைத் திறந்ததும் காற்றை உள்ளே ஏவி மூட விடாமல் செய்து, வயிற்றில் அம்பை இறக்குகிறான். கருவாட்டுக்கு மீனை வகிர்வது போல அவளை இரண்டாக வகிர்ந்து ஒரு பாதியை வானமாகக் கூரை போடுகிறான். பன்னிரண்டு மாதத்துக்கு, மாதம் மூன்றாக, அதில் நட்சத்திரங்களை நிறுத்துகிறான்.

எனக்கு இதைவிடப் பிடித்தது அந்த ஊர்க்காரர்கள் இந்தக் கதையை வைத்துச் செய்த காரியம். பாபிலோனின் அகிது என்ற புத்தாண்டு விழாவில், நான்காம் நாள், பூசாரி மர்துக் சிலைக்கு முன்னால் இதை முழுவதும் வாசிப்பார். மறுநாள் நடப்பது பிற்காலத்துச் சடங்குப் பலகை ஒன்றில் இருக்கிறது. நாட்டின் அரசன் கோயிலுக்குள் வருவான். பூசாரி அவனுடைய செங்கோலையும் முடியையும் வாங்கி வைத்துவிட்டு, கன்னத்தில் ஓர் அறை விடுவார். காதைப் பிடித்து இழுத்து மண்டியிட வைப்பார். நான் பாபிலோனை அழிக்கவில்லை, குடிமக்களை அடித்து அவமதிக்கவில்லை என்று அவன் சொல்லவேண்டும். எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்த பிறகு மறுபடியும் ஓர் அறை. கண்ணில் நீர் வந்தால் தெய்வம் திருப்தி. வராவிட்டால் எதிரி எழுந்து அவனை வீழ்த்துவான்.

உங்கள் கதைக்கு வாருங்கள். முதல் அத்தியாயத்திலேயே எழுபது வயது மந்திரிகள் பதினேழு வயதுப் பையன் காலில் விழுந்து 'வானவேந்தே' என்கிறார்கள். ஒருவருக்கும் சந்தேகம் இல்லை, பொறாமை இல்லை. அவனும் எதையும் கேட்பதில்லை, எதையும் இழப்பதில்லை. இருபத்திரண்டு அத்தியாயத்தில் அவனை யாரும் ஓர் அறை அறையவில்லை. கடைசியில் டிராகன் செத்ததும் சிரித்துக்கொண்டே முடியைச் சரிசெய்கிறான். ரிக் வேதத்தில் விருத்திரன் என்ற பாம்பைக் கொன்ற இந்திரன், கொன்ற பிறகு மனதில் பயம் புகுந்து, மிரண்ட பருந்து போலத் தொண்ணூற்றொன்பது ஆறுகளைத் தாண்டி ஓடுகிறான். முதல் மண்டலம், 32ஆம் பாடல். ஜெயித்த தேவர்களின் ராஜாவுக்கே அந்த நடுக்கம்.

மறுபடி மூன்றாம் அத்தியாயம். அந்த ஓரத்துக் கிரகத்துக் காவல் நிலையத்தில் ஓர் அம்மாள் வருகிறார். டிராகன் வருவதைப் பார்த்துத் தலைநகருக்குச் சேதி அனுப்புகிறார். பதில் தன் ஆயுளில் வராது என்று தெரிந்தே அனுப்புகிறார். அனுப்பிவிட்டு ஜன்னலைச் சாத்திக்கொண்டு, இருக்கிற மாவு குழந்தைகளுக்கு எத்தனை நாள் வரும் என்று கணக்குப் போட உட்காருகிறார். அந்த ஒன்றரைப் பக்கத்தை நான் இரண்டு தடவை படித்தேன். ஒளிவேகக் கணக்கு அவருக்குத் தெரிந்திருக்கிறது, எழுதிய உங்களுக்கு அடுத்த பக்கத்திலேயே மறந்துபோய்விட்டது. அவரை டிராகனுக்கு இரையாகக் கொடுத்துவிட்டு அரண்மனைக்கு ஓடிவிட்டீர்கள்.

அந்த அம்மாளுக்கு ஒரு பெயர் வையுங்கள். மாவு தீருகிற நாள் வரைக்கும் எழுதுங்கள். பத்துப் பக்கத்துக்கு மிகாமல், அரசன் இல்லாமல், சிறுகதையாக அனுப்புங்கள். டிராகன் இருக்கட்டும்.