நாடகம் மெய்யியலுக்கு வெறும் ஊடகம்தானா?

மெய்யியற் கருத்துகளை எளிமையாக எடுத்துச் சொல்வதைத் தவிர நாடகத்துக்கும் மெய்யியலுக்கும் வேறு தொடர்பு உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஒரு கருத்தை ஏற்றுக்கொள்பவர் அதற்குக் கொடுக்க வேண்டிய விலையை நாடகம் கண்முன் நிறுத்துகிறது. அதுவும் மெய்யியல் விசாரணையே என்பது என் கருத்து.

யாழ்ப்பாணத்தில் நடிகமணி வி. வி. வைரமுத்து அரிச்சந்திரனாக நடித்துப் புகழ்பெற்ற மயான காண்டத்தை எடுத்துக்கொள்வோம். பாம்பு தீண்டி இறந்த மகனைச் சந்திரமதி சுடலைக்குக் கொண்டுவருகிறாள். சுடலை காக்கும் அரிச்சந்திரனோ கால்பணமும் முழத்துண்டும் தராமல் பிணத்தை எரிக்க முடியாதென்று தடுக்கிறான். கணவன் கண்ணுக்கு மட்டுமே புலப்படும் தாலியைக் கண்டு, நிற்பவள் தன் மனைவி, கிடப்பது தன் மகன் என்று அறிந்த பின்னரும், அந்தக் கூலி எசமானுக்கு உரியது என்பதால் அதை விட்டுக்கொடுக்க மறுக்கிறான்.

கொலைகாரன் வாசலில் நின்று, உள்ளே ஒளிந்திருக்கும் நண்பனைப் பற்றிக் கேட்டாலும் பொய் சொல்லலாகாது என்று ஜேர்மன் மெய்யியலாளர் இம்மானுவேல் கான்ற் 1797இல் ஒரு சிறு கட்டுரையில் வாதிட்டார். அதை நாம் கதிரையில் சாய்ந்திருந்து வாசித்து, சரியென்றோ பிழையென்றோ சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். மயான காண்டத்தில் அது இயலாது. வாய்மை தவறாதவன் என்று அதுவரை அரிச்சந்திரனைப் போற்றிய அதே சனம், இந்த ஒருமுறை மட்டும் அவன் கண்ணை மூடிக்கொள்ளக் கூடாதா என்று ஏங்கத் தொடங்குகிறது. தான் நம்பும் அறத்துக்கு எதிராகத் தன் மனமே வழக்காடுவதைப் பார்வையாளர் அங்கே உணர்கிறார்.

பிளேட்டோ அஞ்சியதும் ஏறத்தாழ இதற்குத்தான். பிறர் துயரைக் கண்டு கலங்கிப் பழகினால் நம்முள் அறிவின் பிடி தளர்ந்துவிடும் என்று 'குடியரசு' நூலின் பத்தாம் பகுதியில் அவர் எச்சரிக்கிறார். (அப்படிச் சொன்னவர் தம் நூல்களைப் பாத்திரங்களின் உரையாடல்களாகவே எழுதினார் என்பது வேறு கதை.) இரக்கமும் அச்சமும் துன்பியல் நாடகத்தின் பயனுக்கு இன்றியமையாதவை என்ற அரிஸ்டோட்டிலின் பக்கமே நான் சாய்கிறேன், ஏனெனில், கலக்கம் இல்லாத இடத்தில் மயான காண்டம் எழுப்பும் கேள்வி எழவே எழாது.

தெய்வம் தோன்றி மகனை உயிர்ப்பித்து அரசையும் மீட்டுத் தரும் முடிவு மட்டும் எனக்கு உவப்பானதல்ல. பரிசு கையில் கிடைத்ததும், எதுவுமே திரும்பி வராதிருந்தாலும் அவன் செய்தது சரிதானா என்பதைக் கேட்காமலே எல்லோரும் எழுந்து போய்விடலாம்.