உபுண்டுவை அழிக்க வேண்டாம் – கடிதம்

வணக்கம் சார்,

பல வருடங்களாக வீட்டிலும் வேலையிலும் உபுண்டுதான். அடுத்த மாதம் சைபர் செக்யூரிட்டி பயிற்சி ஒன்றில் சேர்கிறேன், முழுக்க லேப் வேலை, முடித்ததும் ஓஎஸ்சிபி என்ற ஊடுருவல் சோதனைச் சான்றிதழ்த் தேர்வு எழுத ஆசை. உபுண்டுவை எடுத்துவிட்டு, ஊடுருவல் சோதனைக் கருவிகளோடு வரும் காளி லினக்ஸ் போட்டுவிடலாமா? லினக்ஸ் தெரிந்தவனுக்கு இது சுலபமாக இருக்குமா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

உபுண்டு இருக்கட்டும். உபுண்டுவைப் போலவே காளியும் டெபியன் லினக்ஸிலிருந்து வந்ததுதான், மென்பொருள் நிறுவும் ஆப்ட் முதற்கொண்டு எல்லாமே உங்களுக்குப் பழகியதாக இருக்கும். கணினிக்குள் இன்னொரு மெய்நிகர் கணினியை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸிலோ கேவிஎம்மிலோ காளியைப் போட்டு, ஒழுங்காக ஓடும்போதே ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நிலைக்கே திரும்ப உதவும் பதிவு) எடுத்துவையுங்கள். இணையத்தில் எவரோ எழுதிவைத்த எக்ஸ்ப்ளாய்ட்களை (ஓட்டைகளைப் பயன்படுத்தித் தாக்கும் நிரல்களை) இறக்கி ஓட்டப்போகிறீர்கள், வங்கிக் கணக்கும் வீட்டுப் படங்களும் இருக்கிற கணினியில் அதைச் செய்யவே கூடாது.

சுலபமா என்றால், பாதி சுலபம். உடைக்க வேண்டியது லினக்ஸ் மெஷினாக வந்தால் எஸ்யூஐடி கோப்புகள், கிரான் வேலைகள், சூடோ அனுமதிகள் என்று நிர்வாகி அதிகாரம் பெறும் வழிகளுக்கு உங்கள் கை தானாகவே போகும். ஆனால் ஓஎஸ்சிபி தேர்வில் 100 மதிப்பெண்ணில் 40 விண்டோஸின் பயனர் நிர்வாக அமைப்பான ஆக்டிவ் டைரக்டரிக்கு, தேற 70 வேண்டும். மற்ற மூன்று மெஷின்களையும் முழுதாக முடித்தாலும் 60தான், ஆக விண்டோஸைத் தொடாமல் தேறவே முடியாது! இதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, ஏனென்றால் பெரும்பாலான அலுவலகங்களில் ஊழியர்களின் கணக்குகளையும் அனுமதிகளையும் ஆள்வது ஆக்டிவ் டைரக்டரிதான், உள்ளே நுழைந்தவன் அடுத்துக் குறிவைப்பதும் அதைத்தான். நம் லினக்ஸ்காரர்கள் பலர் விண்டோஸ் பக்கமே போகாமல் இருந்ததைப் பெருமையாகச் சொல்வார்கள், அந்தப் பெருமையை இந்தப் பயிற்சிக்குக் கொண்டுபோகாதீர்கள்.

அதனால் மிச்சமிருக்கும் நாட்களை விண்டோஸுக்கே கொடுங்கள். விண்டோஸ் சர்வரை 180 நாள் சோதித்துப் பார்க்க மைக்ரோசாஃப்ட் இலவசமாகவே தருகிறது. அதை டொமைன் கண்ட்ரோலர் (ஒரு அலுவலக வலையமைப்பின் கணக்குகளைச் சரிபார்க்கும் மையக் கணினி) ஆக்கி, நாலைந்து பயனர்களை உருவாக்கி, இன்னொரு விண்டோஸ் மெஷினை அந்த டொமைனில் சேருங்கள். யாருக்கு எந்த அனுமதி, பயனரின் அடையாளத்தைக் காட்டும் கெர்பரோஸ் டிக்கெட் எப்படிக் கிடைக்கிறது, கடவுச்சொல்லின் ஹாஷ் (திருப்பி எடுக்க முடியாதபடி மாற்றிய வடிவம்) எங்கே தங்குகிறது என்பதையெல்லாம் நிர்வாகியாக உட்கார்ந்து பாருங்கள், விண்டோஸின் கட்டளை மொழியான பவர்ஷெல்லும் கூடவே பழகிவிடும். தாக்கும் கருவிகளை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, தேர்வு 23 மணி 45 நிமிடம், அதற்குப் பிறகு அறிக்கை அனுப்ப 24 மணி நேரம். அறிக்கை சரியில்லை என்றால் கைப்பற்றிய மெஷினுக்கும் மதிப்பெண் போய்விடும், எனவே முதல் லேபிலிருந்தே ஒவ்வொரு கட்டளையையும் ஸ்கிரீன்ஷாட்டோடு குறித்துவையுங்கள்.

டொமைன் அமைப்பதில் எங்காவது சிக்கினால் பிழைச்செய்தியோடு எழுதுங்கள், பார்க்கிறேன்.