எண்பதாயிரம் ரூபாய் போனுக்கு மாத வாடகை எவ்வளவு?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: 80,000 ரூபாய் போனை இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டுப் புது மாடலுக்கு மாறுகிறேன். பழையதற்கு நல்ல விலைதான் கிடைக்கிறது. ஆனாலும் இது வீண் செலவு என்கிறார்கள் வீட்டில். உண்மையா? – வாசகர், ஈரோடு

பதில்: வீட்டில் சொல்வதுதான் சரி. வாங்கிய விலையோடு ரிப்பேர் செலவைக் கூட்டுங்கள். விற்றுக் கிடைத்த பணத்தைக் கழியுங்கள். கையில் வைத்திருந்த மாதங்களால் வகுங்கள். அதுதான் உங்கள் போனின் மாத வாடகை.

ஓர் உதாரணக் கணக்கு. 80,000க்கு வாங்கி, 24 மாதத்தில் 32,000க்குக் கொடுத்தால் போனது 48,000. மாதம் 2,000 ரூபாய். அதே போனுக்கு நடுவில் 7,000 ரூபாயில் பேட்டரி மாற்றி, ஐந்து வருஷம் ஓட்டி, கடைசியில் வெறும் 8,000க்குத் தள்ளிவிட்டாலும் மாதம் 1,317தான் வருகிறது. 25,000 ரூபாய் போனை மூன்று வருஷம் வைத்திருந்து 5,000க்கு விற்றால் மாதம் 556. உங்கள் பில்லில் உள்ள தொகைகளைப் போட்டுப் பாருங்கள். விலை வேகமாகச் சரிவது முதல் இரண்டு வருஷத்தில். அந்தச் சரிவை ஒவ்வொரு முறையும் நீங்களே தாங்கிக்கொண்டு, விலை மெதுவாக இறங்கும் வருஷங்களை அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்கிறீர்கள்.

அந்த 'நல்ல விலை'யையும் ஒருமுறை உரசிப் பார்க்க வேண்டும். எக்ஸ்சேஞ்ச் இல்லாமல் வாங்கினால் என்ன விலை என்று அதே கடையில் கேளுங்கள். எக்ஸ்சேஞ்சில் 80,000 போட்டு, பழைய போனுக்கு 32,000 கழித்து, உங்களிடம் 48,000 வாங்குகிறார்கள். எக்ஸ்சேஞ்ச் இல்லையென்றால் கார்டு தள்ளுபடியோடு 74,000க்கே தருகிறார்கள் என்று வையுங்கள். அப்படியானால் பழைய போனுக்கு உண்மையில் கிடைத்தது 26,000தான். மாத வாடகை 2,250 ஆகிவிட்டது.

சில்லறைச் செலவுகளும் உண்டு. 2020 அக்டோபரிலிருந்து ஐபோன் பெட்டியிலும், 2021இல் வந்த கேலக்ஸி எஸ்21 முதல் சாம்சங்கின் உயர்விலை போன்களிலும் சார்ஜர் கிடையாது. கவர், டெம்பர்ட் கிளாஸ் வேறு. போட்டோ, வீடியோவை இணையத்தில் சேமிக்கக் கூகுளில் இலவச இடம் 15 ஜிபி, ஆப்பிளின் ஐகிளவுடில் 5 ஜிபி. நல்ல கேமரா எடுக்கும் 4கே வீடியோவுக்கு அது எந்த மூலைக்கு? பிறகு மாதச் சந்தாதான். போனை விற்றாலும் அது தொடரும்.

கேள்வி: 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்றால் வட்டி நிஜமாகவே இல்லையா? – வாசகி, திருப்பூர்

பதில்: வட்டி இருக்கிறது, அதே அளவு தள்ளுபடி கொடுத்து மறைக்கிறார்கள். வட்டியில்லாக் கடன் என்று ஒன்று கிடையாது என ரிசர்வ் வங்கி 2013லேயே சொல்லிவிட்டது.

72,000 ரூபாய் போன், மாதம் 6,000 வீதம் 12 தவணை, வட்டி 16 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வங்கி கொடுக்கும் கடன் சுமார் 66,130தான். மிச்சம் 5,870 ரூபாய் தள்ளுபடியாகக் கழிந்து, வட்டியாகத் திரும்ப வருகிறது. கிரெடிட் கார்டு தவணை என்றால் அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஏறக்குறைய 1,057 ரூபாய். அதை யாரும் தள்ளுபடி செய்வதில்லை. மாதாமாதம் ஸ்டேட்மென்டில் தனி வரியாக வரும். பிராசசிங் கட்டணம் 199 என்றால் வரியோடு 235. ஆக சுமார் 1,300 ரூபாய் கூடுதல். கடையில் ஃபைனான்ஸ் கம்பெனி மூலம் எடுக்கும் கடனில் வட்டிக்கு ஜிஎஸ்டி இல்லை. அங்கே பிராசசிங் கட்டணத்தையும், கூடவே தலையில் கட்டும் இன்சூரன்ஸையும் பாருங்கள்.

முழுப் பணம் கட்டினால் அந்த 5,870ஐக் குறைப்பீர்களா என்று கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. பல கடைகளில் ஓரளவு இறங்கி வருவார்கள். ஜிஎஸ்டி பதிவுள்ள தொழிலுக்காக வாங்குகிறீர்கள் என்றால் உங்கள் ஜிஎஸ்டி எண் போட்ட பில் வாங்குங்கள். போன் விலைக்குள் இருக்கும் 18 சதவீத வரியை, நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியிலிருந்து உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம்.

கேள்வி: மூன்று வருஷமான ஐபோன் மெதுவாகிவிட்டது. மதியத்துக்குள் சார்ஜ் தீர்கிறது. மாற்றும் நேரம் வந்துவிட்டதா? – வாசகர், மதுரை

பதில்: பேட்டரியை மாற்றும் நேரம் வந்திருக்கலாம். செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குள் போய் அதன் ஆரோக்கிய சதவீதத்தைப் பாருங்கள். 80க்குக் கீழே என்றால் சந்தேகமே வேண்டாம். ஐபோன் 14 வரையிலான மாடல்களின் பேட்டரி 500 முழு சார்ஜ் சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதம் கொள்ளளவு நிற்கும்படி வடிவமைக்கப்பட்டது. ஐபோன் 15 முதல் அது 1,000 சுற்று. 50 சதவீதம் வீதம் இரண்டு முறை ஏற்றினால் ஒரு சுற்று. தேய்ந்த பேட்டரியால் திடீர் மின்தேவைக்கு ஈடுகொடுக்க முடியாது. போன் அணைந்துவிடாமல் இருக்க மென்பொருள் பிராசசரின் வேகத்தைக் குறைக்கும். ஆப்பிள் இதை 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. ஆகவே பேட்டரி மாற்றினாலே பல போன்களுக்கு வேகமும் திரும்பும். ஸ்டோரேஜ் நிறைந்திருந்தாலும் மந்தமாகும். பத்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும்.

வெளிக்கடையில் மாற்றினால் இரண்டு விஷயம். விலை குறைந்த போலி பேட்டரி போட்டால் 'அறியப்படாத பாகம்' என்று செட்டிங்ஸே காட்டிக்கொடுக்கும். பிறகு விற்கும்போது விலை அடிபடும். திறந்த போனில் நீர் புகாமல் தடுக்கும் பசை ஓரத்தைப் புதிதாக ஒட்டச் சொல்லுங்கள். அப்படியும் பழைய தைரியத்தில் தண்ணீர் அருகே கொண்டுபோக வேண்டாம். பேட்டரி உப்பி டிஸ்ப்ளே மேலெழும்பியிருந்தால் சார்ஜ் போடுவதை உடனே நிறுத்துங்கள். அழுத்தி மூடப் பார்ப்பது ஆபத்து.

உண்மையில் ஒரு போனின் ஆயுளை முடிப்பது பாதுகாப்பு அப்டேட் நிற்கும் நாள். கூகுளின் பிக்சல் 8, சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24 இரண்டுக்கும் ஏழு வருஷம் என்று அறிவித்திருக்கிறார்கள். அது மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து எண்ணுவது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. இரண்டு வருஷப் பழைய மாடலைத் தள்ளுபடியில் வாங்கினால் மிச்சம் ஐந்து வருஷம்தான். பேசிய விலையை அந்த மிச்ச வருஷத்தால் வகுத்துப் பாருங்கள்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் உயர்விலை போன் வாங்கலாமா? – வாசகர், நாகர்கோவில்

பதில்: பில் இருந்தால் வாங்கலாம். \*#06# அடித்தால் வரும் 15 இலக்க ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்), பில்லில் உள்ளதோடு பொருந்த வேண்டும். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு அந்த எண் என்று தட்டி 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் முடக்கப்பட்ட போனா என்று தெரிந்துவிடும். பழைய உரிமையாளரின் கணக்கு உங்கள் கண்ணெதிரே வெளியேறி, ரீசெட் ஆகி, புதுப் போன்போல் திறக்க வேண்டும். வெள்ளைத் திரையில் வெளிச்சத்தை முழுக்க ஏற்றி, பச்சைக் கோடோ கறையோ தெரிகிறதா பாருங்கள். அமோலெட் டிஸ்ப்ளேயில் கோடு விழுந்தால் டிஸ்ப்ளேயையே மாற்ற வேண்டும், லாபமாகக் கிடைத்த பணம் அதிலேயே போய்விடும்.

கேள்வி: பழைய போனைக் கொடுக்கும் முன் வெறுமனே ரீசெட் செய்தால் போதுமா? – வாசகி, காரைக்குடி

பதில்: போதாது. முதலில் வாட்ஸ்அப் பேக்கப், ஓடிபி உருவாக்கும் ஆத்தென்டிகேட்டர் ஆப் இரண்டையும் புதுப் போனுக்கு மாற்றுங்கள். யுபிஐ ஆப் புதிதில் வேலை செய்கிறதா என்று ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். அதன்பின் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, பிறகுதான் ரீசெட். கணக்கை எடுக்காமல் ரீசெட் செய்தால் போன் பூட்டிக்கொள்ளலாம், வாங்கியவர் பாஸ்வேர்டு கேட்டு உங்களைத் தேடி வருவார். இ-சிம் (தனி அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதியும் சிம்) வைத்திருப்பவர்கள், புதுப் போனில் அது உயிர்பெறும்வரை பழையதில் அழிக்க வேண்டாம். அழித்துவிட்டால் சிம் கம்பெனிக் கடைக்கு ஆதாரோடு போக வேண்டிவரும்.