புளியங்கொட்டை கம், கொத்தவரை கம், லிக்னின்: லைட் ஸ்கேட்டரிங்ல மாலிக்யூலர் வெயிட் - கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எம்.எஸ்சி ஃபைனல் இயர் படிக்கிறேன். கொத்தவரை கம்முக்கு (குவார்) ஜிபிசில (செயின்கள சைஸ் வாரியா பிரிக்கற மெஷின்) புல்லுலான் ஸ்டாண்டர்ட் (வெயிட் முன்னாடியே தெரிஞ்ச சர்க்கரை செயின்) வெச்சு மாலிக்யூலர் வெயிட் எடுத்துட்டேன். கைடு லைட் ஸ்கேட்டரிங்கும் (கரைசல்ல லேசர் அடிச்சு சிதறுற வெளிச்சத்த அளக்கறது) பண்ணுன்னு சொல்றார். ஒரே வேலைய எதுக்கு ரெண்டு தடவ?

பதில்: ஒரே வேலை இல்லம்மா. ஜிபிசி காலம் (column, துகள் நிரப்புன குழாய்) வெயிட்ட பாக்கறதே இல்ல, சைஸ் மட்டும்தான் அதுக்கு தெரியும். புல்லுலான் நல்லா வளையற செயின், குவார் கொஞ்சம் விறைப்பு, அதனால அதே வெயிட்டுக்கு தண்ணில அதிக இடம் அடைச்சுக்கும், காலம்ல இருந்து சீக்கிரம் வெளிய வரும், சாஃப்ட்வேர் உடனே "பெரிய ஆளு"ன்னு கூடுதலா எழுதிரும். அது போக பல புல்லுலான் கிட் 8 லட்சம் பக்கத்துல முடிஞ்சுரும், நல்ல குவார் 10 லட்சம், 20 லட்சம்னு நிக்கும். ஸ்டாண்டர்டே இல்லாத இடத்துல கோட்ட இழுத்து நீட்டித்தான் உங்க நம்பர் வந்திருக்கும். லைட் ஸ்கேட்டரிங்ல செயின் வெயிட்டும் கான்சன்ட்ரேஷனும்தான் நேரா வெளிச்சத்தோட அளவுல தெரியும், டொலுயீன் (சிதறல் அளவு தெரிஞ்ச திரவம்) வெச்சு ஒரு கேலிப்ரேஷன் போதும்.

கேள்வி: எங்க டிபார்ட்மெண்ட்ல டிஎல்எஸ் (டைனமிக் லைட் ஸ்கேட்டரிங், துகள் சைஸ் பாக்கறது) மெஷின் மட்டும்தான் இருக்கு, 90 டிகிரி ஒரே ஆங்கிள். அதுலயே மாலிக்யூலர் வெயிட்னு ஒரு மெனு இருக்கே சார், யூஸ் பண்ணலாமா?

பதில்: சார் இல்லப்பா, அக்கா. சின்ன புரோட்டீனுக்கு பண்ணலாம், கம்முக்கு வேண்டாம். Rg (சுருண்டு கிடக்கற செயினோட ஆரம் மாதிரி ஒரு சைஸ்) 100 நானோமீட்டர்னு வெச்சுக்கோங்க, தண்ணி, 658 நானோமீட்டர் லேசர். 90 டிகிரில ஒரே செயினோட ரெண்டு முனைல இருந்து வர்ற வெளிச்சம் ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கிட்டு, நிஜ வெயிட்டுல பாதிக்கும் கீழதான் காட்டும். 30 டிகிரி போனா குறைவு பதினாலு சதவீதத்துக்குள்ள அடங்கிரும். அதான் பல ஆங்கிள்ல அளந்து ஜீரோ ஆங்கிளுக்கு கோடு இழுக்கறோம், 1948ல புரூனோ ஜிம் (Zimm)ங்கற விஞ்ஞானி போட்டு காட்டுன வழி. கான்சன்ட்ரேஷனும் இதே மாதிரி காலை வாரும்: 10 லட்சம் வெயிட், செகண்ட் விரியல் கோஎஃபிஷியன்ட் (செயின்கள் ஒண்ண ஒண்ணு எவ்ளோ தள்ளுதுன்னு சொல்ற நம்பர்) 0.0005னா, ஒரு மி.லி.க்கு 1 மில்லிகிராம்ல அளந்தாலே பாதி வெயிட்தான் தெரியும். 0.1 மில்லிகிராமுக்கு இறங்குங்க, தப்பு பத்து சதவீதத்துக்குள்ள வந்துரும்.

கேள்வி: மேடம், டெக்ஸ்டைல் சைசிங் யூனிட்டுக்கு புளியங்கொட்டை பவுடர் சப்ளை பண்றோம். லேப்ல குடுத்தா ஒவ்வொரு தடவையும் ஒரு வெயிட் வருது. ஒரு தடவ 7 லட்சம், அடுத்த தடவ 25 லட்சம். மெஷின் கோளாறா?

பதில்: மெஷின் மேல பழிய போடறதுக்கு முன்னாடி கரைச்ச பாட்டில பாருங்க, முக்காவாசி கேஸ் அங்கதான் இருக்கும். புளியங்கொட்டை கம்மோட முதுகெலும்பு செல்லுலோஸ் மாதிரியே குளுக்கோஸ் செயின், பக்கத்துல சைலோஸும் காலக்டோஸும் ஒட்டியிருக்கறதாலதான் தண்ணில கரையுது, ஆனா செயினும் செயினும் ஒட்டிக்கற பழக்கம் முழுசா போகல. கண்ணுக்கு தெளிவா இருக்கற கரைசல்லயே கட்டி இருக்கும், நாலு செயின் ஒட்டியிருந்தா லைட்டுக்கு அது நாலு மடங்கு வெயிட் உள்ள ஒரே செயின். ஒரு நாள் நல்லா சூடா கரைச்சிருப்பாங்க, ஒரு நாள் அவசரமா கரைச்சிருப்பாங்க, அவ்ளோதான்.

நான் செய்யறது இது: பவுடர்ல ஈரம் எவ்ளோன்னு முதல்ல பாத்துருவேன், பத்து சதவீதம் தண்ணி இருந்தா கான்சன்ட்ரேஷன் அங்கயே பத்து சதவீதம் தப்பு. அப்புறம் 80-90 டிகிரில கலக்கி, ராத்திரி பூரா விட்டு, காலைல செண்ட்ரிஃப்யூஜ், அடில கொட்டைத்தோல், புரோட்டீன்னு பழுப்பா உக்காந்திருக்கும், மேல இருக்கறத மட்டும் 0.45 மைக்ரான்ல ஃபில்டர். அந்த ஃபில்டர் கை வலிக்கற அளவுக்கு அழுத்த வேண்டியிருந்தா, தூசு மட்டும் இல்ல, உங்க சாம்பிளும் அதுலயே நிக்குதுன்னு அர்த்தம். ஃபில்டருக்கு முன்னயும் பின்னயும் ஃபீனால்-சல்ஃப்யூரிக் டெஸ்ட் (கரைசல்ல சர்க்கரை எவ்ளோன்னு பாக்கறது) போட்டா எவ்ளோ தொலைஞ்சதுன்னு தெரிஞ்சுரும். 30 சதவீதம் காணாம போயிருந்தா மிச்சத்தோட வெயிட்ட ரிப்போர்ட்ல போடறதுல அர்த்தமே இல்ல.

ப்ரஷர் செல்லுல 100 டிகிரிக்கு மேல கொஞ்ச நேரம் வெச்சு கட்டிய உடைக்கறதும் உண்டு. கூட நேரம் போனா செயினே அறுந்துரும். எது நடந்துச்சுன்னு பாக்க இன்ட்ரின்சிக் விஸ்காசிட்டியும் (செயின் கரைசல எவ்ளோ கெட்டியாக்குதுன்னு சொல்ற அளவு) சேத்து எடுங்க: வெயிட் இறங்கி விஸ்காசிட்டி அப்படியே நின்னா கட்டி உடைஞ்சிருக்கு, ரெண்டும் சேந்து இறங்குனா செயின் வெட்டுப்பட்டிருக்கு. என்னைக் கேட்டா இந்த ஒரு செக்க விட்டுட்டு வர்ற புளியங்கொட்டை டேட்டா எதையும் நம்ப மாட்டேன்.

கேள்வி: டிஎன்-டிசி (dn/dc, கான்சன்ட்ரேஷன் கூடக்கூட கரைசலோட ஒளிவிலகல் எண் எவ்ளோ மாறுதுங்கறது) வேல்யூ என்ன போடணும்?

பதில்: தண்ணில பாலிசாக்கரைடுக்கு 0.145, 0.15 பக்கம். பேட்ச் மோட்ல (காலம் இல்லாம நேரா அளக்கறப்போ) இது ஸ்கொயர் ஆகும், 5 சதவீதம் தப்புன்னா வெயிட்ல 10.

கேள்வி: பேப்பர் மில் கருப்பு லிக்கர்ல (மரத்த வேக வெச்ச கழிவு நீர்) இருந்து எடுத்த லிக்னினுக்கு (மரத்த கெட்டியாக்கற பொருள்) மால்ஸ்ல (பல ஆங்கிள் லைட் ஸ்கேட்டரிங்) 3 லட்சம் காட்டுது. ஜிபிசில சில ஆயிரம்தான். எது நிஜம்?

பதில்: அந்த 3 லட்சத்த நம்பாதீங்க தம்பி. லிக்னின் லேசர முழுங்கிட்டு வேற நிறத்துல தானே ஒளிரும், டிடெக்டருக்கு வந்தது எந்த வெளிச்சம்னு பிரிச்சு பாக்க தெரியாது, எல்லாத்தையும் ஸ்கேட்டரிங்னு கணக்குல சேத்துக்கும். 785 நானோமீட்டர் லேசரும் டிடெக்டருக்கு முன்னாடி பேண்ட்பாஸ் ஃபில்டரும் (லேசர் நிறத்த மட்டும் உள்ள விடறது) இருக்கற மெஷின் தேடுங்க. அசிட்டிலேட் பண்ணி டிஎச்எஃப்ல (THF, ஒரு கரைப்பான்) கரைச்சா ஒட்டிக்கறதும் குறையும்.

கேள்வி: பெக்டின வெறும் டிஸ்டில்ட் வாட்டர்ல போட்டா சிக்னல் ரொம்ப கம்மியா இருக்குக்கா.

பதில்: சார்ஜ் இருக்கற செயின், ஒண்ண ஒண்ணு தள்ளிக்கிட்டு ஒழுங்கா இடைவெளி விட்டு நிக்கும், அதனால சிதறல் செத்துப் போகும். 0.1 மோலார் சோடியம் நைட்ரேட்ல கரைங்க. கால்சியம் ஒட்டியிருந்தா அத பிடிச்சுக்கற ஈடிடிஏவும் (EDTA) கொஞ்சம். டிஎன்-டிசிக்கு அதே உப்பு கரைசல்ல டயலிசிஸ் பண்ணிட்டு அளங்க.

கேள்வி: இதுக்கும் நம்ம ராமன் எஃபெக்டுக்கும் சம்பந்தம் உண்டா?

பதில்: அதுல வெளிச்சத்தோட அலைநீளம் மாறும், இதுல மாறாது. ஆனா கல்கத்தால ராமன் திரவங்கள்ல லைட் ஸ்கேட்டரிங்க பல வருஷம் அளந்துக்கிட்டு இருந்தப்போதான் 1928ல அது மாட்டுச்சு, அதனால தூரத்து சொந்தம்னு வெச்சுக்கலாம்.

கேள்வி: மரவள்ளி ஸ்டார்ச்?

பதில்: அதுல இருக்கற அமைலோபெக்டின் (கிளை கிளையா இருக்கற ஸ்டார்ச் செயின்) வெயிட் கோடிக்கணக்குல போற சைஸ், காலம் துகள் நடுவுல நசுங்கி அறுந்துரும். டிஎம்எஸ்ஓல (DMSO, ஒரு கரைப்பான்) லித்தியம் புரோமைடு சேத்து கரைச்சு, முடிஞ்சா காலம் இல்லாம ஃபீல்டு ஃப்ளோ ஃப்ராக்ஷனேஷன்ல (துகள் இல்லாத காலி சேனல்ல ஓட்டத்துலயே பிரிக்கற முறை) ஓட்டுங்க.

கேள்வி: சாந்தன் கம்முக்கும் இதே முறைதானா?

பதில்: அது செடி இல்ல, பாக்டீரியா சரக்கு. ரொம்ப விறைப்பு, உப்பு போட்டே ஆகணும், மத்தபடி ஃபில்டர் தலைவலி அதே தான்.