பூர்வகுடிகளும் அரசும்: முடிவு யார் கையில்? (கேள்வி பதில்)

கேள்வி: ஆஸ்திரேலியாவில் அரசும் பூர்வகுடிகளும் கைகோத்ததால் யாருக்காவது பலன் உண்டா?

பதில்: உண்டு. பிரிஸ்பேனில் இரண்டு பூர்வகுடிச் சுகாதார அமைப்புகளும் மேட்டர் மகப்பேறு மருத்துவமனையும் 2013 முதல் சேர்ந்து நடத்தும் பேறுகாலத் திட்டத்தைப் பாருங்கள். பழகிய ஒரே மருத்துவச்சிதான் கர்ப்பகாலம் முழுக்கவும், குழந்தை பிறந்த பிறகும் கவனித்துக்கொள்கிறார். எந்த நேரமும் போனில் அழைக்கலாம். பரிசோதனைக்குப் போக வண்டி ஏற்பாடு உண்டு. குறைமாதப் பிரசவங்கள் குறைந்தன, பரிசோதனைக்கு வருவோர் கூடினார்கள். புது மருந்து எதுவும் இல்லை. திட்டத்தை வகுத்ததில் அந்தச் சமூகத்துக்குச் சமபங்கு இருந்தது, அவ்வளவுதான்.

கேள்வி: கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்டால் போதாதா?

பதில்: போதாது. பணமும் முடிவும் அதிகாரியிடமே இருந்தால் அது கூட்டாண்மை ஆகாது. 2007-ல் ஆஸ்திரேலியாவின் வடக்குப் பிராந்தியத்தில் மத்திய அரசு கருத்துகூடக் கேட்கவில்லை. இனப் பாகுபாட்டுத் தடைச் சட்டத்தையே நிறுத்திவைத்து, ராணுவத்தின் துணையோடு பூர்வகுடிகளின் ஊர்களுக்குள் போனார்கள். அந்த அவநம்பிக்கை இன்னும் ஆறவில்லை.

கேள்வி: நிர்வாகம் செய்ய பூர்வகுடிகளுக்குத் தெரியுமா?

பதில்: சிட்னியின் ரெட்ஃபெர்னில் 1971-லேயே சொந்தமாக மருத்துவ நிலையம் தொடங்கியவர்கள் அவர்கள். இன்று நாடு முழுக்க அப்படி 140-க்கும் மேற்பட்ட அமைப்புகள் இயங்குகின்றன.

கேள்வி: பூர்வகுடி மாணவர்களுக்கான உதவித்தொகைக்கு எப்படி விண்ணப்பிப்பது?

பதில்: என் துறை அல்ல. அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் பூர்வகுடி மாணவர் மையத்தில் கேளுங்கள்.

கேள்வி: 2023 வாக்கெடுப்பில் சுமார் 60 சதவீதம் பேர் 'வேண்டாம்' என்றார்களே. கதை முடிந்ததுதானே?

பதில்: இல்லை. அது ஓர் ஆலோசனை அமைப்பை அரசியலமைப்பில் சேர்ப்பது பற்றிய வாக்கு. மத்திய, மாநில அரசுகள் எல்லாம் பூர்வகுடி அமைப்புகளின் கூட்டணியோடு 2020-ல், முடிவுகளைச் சேர்ந்தே எடுப்பதாக வாக்குக் கொடுத்துப் போட்ட தேசிய ஒப்பந்தம் அப்படியே இருக்கிறது.

கேள்வி: ஆட்சி மாறினால் அதுவும் போகுமே?

பதில்: நல்ல கேள்வி. அந்த பயம் நியாயமானது. நியூசிலாந்தில் 2022-ல் அந்நாட்டுப் பூர்வகுடிகளான மாவோரிகளுக்காகச் சட்டப்படி அமைத்த மாவோரி சுகாதார ஆணையத்தை, ஆட்சி மாறியதும் 2024-ல் கலைத்துவிட்டார்கள். அதனால்தான் சமூகத்துக்குச் சொந்தக் கட்டடம், சொந்த ஊழியர்கள், பல ஆண்டுகளுக்கு உறுதியான நிதி வேண்டும் என்கிறேன். வருடா வருடம் புதுப்பிக்கும் மானியத்தை நம்பி எந்த மருத்துவச்சி தங்குவார்? ஒப்பந்தம் முடியும் முன்பே வேறு வேலை தேடிவிடுவார். ஆஸ்திரேலிய அரசுகளும் 2020-ல் கொடுத்த வாக்கை இன்னும் முழுசாக நிறைவேற்றவில்லை. தேவைப்படும் மாற்றம் எவ்வளவு பெரியது என்பதை அவை உணரவில்லை என்று அரசின் சொந்த ஆய்வு அமைப்பான உற்பத்தித்திறன் ஆணையமே 2024-ல் எழுதியது.

கேள்வி: மாதம் ஒரு ஆலோசனைக் கூட்டம் நடத்தினால்?

பதில்: இரண்டாவது கேள்விக்கான பதிலைப் படியுங்கள். மறுபடி எழுதப் போவதில்லை.

கேள்வி: கனடாவில்?

பதில்: பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தைப் பாருங்கள். மத்திய அரசு நடத்திவந்த சுகாதாரத் திட்டங்களை 2013-ல் 'முதல் குடிகள்' எனப்படும் பூர்வகுடிகளின் சுகாதார ஆணையமே ஏற்றுக்கொண்டது, நிதியோடு சேர்த்து.