டிராவல் நர்ஸ் இன்டர்வியூவில் என்ன எதிர்பார்க்கலாம்?

கேட்டவர் கோலாலம்பூர்ப் பக்கம் தாதியாக இருப்பவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஒரு ஆஸ்பத்திரியில் சில வாரம் வேலை பார்த்துவிட்டு அடுத்த ஊருக்குப் போகிறவர்தான் டிராவல் நர்ஸ். அமெரிக்காவின் அந்த 13 வார டிராவல் கான்ட்ராக்ட் இங்கிருந்து நேராகக் கிடைப்பது அபூர்வம். என்கிளெக்ஸ் (அமெரிக்க நர்ஸ் லைசென்ஸ் பரீட்சை), மாநில லைசென்ஸ், விசாஸ்கிரீன் (விசாவுக்காக நம் படிப்பையும் லைசென்ஸையும் சரிபார்க்கும் சான்றிதழ்) எல்லாம் முடித்துப் போனாலும், கூட்டிப்போகும் ஏஜென்சி பெரும்பாலும் இரண்டு மூன்று வருடம் கான்ட்ராக்ட்டில் கட்டிப்போடும். நானும் அப்படிப் போனவள்தான். கிரீன் கார்டு இருப்பதால் இப்போது டிராவலராகச் சுற்றுகிறேன். "அதெல்லாம் சுலபம்" என்று சொல்லும் ஏஜென்ட்டுகள் கீழே கமெண்ட்டில் சண்டைக்கு வர வேண்டாம்.

நம் ஊர் மாதிரி ஃபைலைத் தூக்கிக்கொண்டு மேட்ரன் முன்னால் உட்காருவதெல்லாம் இல்லை. வார்டு மேனேஜர் போன் அடிப்பார், கால் மணி, மிஞ்சினால் அரை மணி. சில இடங்களில் அதுவும் கிடையாது. என்னென்ன வேலை தெரியும் என்று நாம் நிரப்பிக் கொடுக்கும் ஸ்கில்ஸ் செக்லிஸ்ட்டைப் பார்த்தே ஆஃபர் வந்துவிடும்.

ஒரு முறை லீவில் பட்டர்வொர்த் வீட்டில் இருந்தபோது புளோரிடாவிலிருந்து கூப்பிட்டார்கள். அவர்களுக்குக் காலை பத்து, நமக்கு இரவு பத்து. அம்மா சீரியல் சத்தத்தைக் குறைக்க மாட்டேன் என்றதால், போர்ச்சில் கொசுக்கடியோடு நின்று பேசினேன். வென்டிலேட்டர் நோயாளிக்குத் திடீரென்று பிரஷர் இறங்கினால் முதலில் என்ன செய்வாய், எபிக்கில் (நோயாளி விவரத்தைக் கம்ப்யூட்டரில் பதியும் மென்பொருள்) சார்ட் பண்ணிப் பழக்கமா, இவ்வளவுதான் அந்த மேனேஜர் கேட்டது. பிறகு என் முறை. ஐசியூவில் ஒருவருக்கு எத்தனை நோயாளிகள்? ஃப்ளோட் பண்ணுவீர்களா, அதாவது ஆள் குறைந்த வேறு வார்டுக்கு அனுப்புவீர்களா? கொஞ்சம் தயங்கிவிட்டு, "டிராவலர்தான் முதலில் போகணும், சில நாள் வேறு கட்டடத்துக்கும்" என்றார். ஐசியூ, அதற்கு அடுத்த நிலையான ஸ்டெப்டவுன் வார்டு தவிர வேறெங்கும் அனுப்பக் கூடாது என்று கான்ட்ராக்ட்டில் ஏற்றிய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். திமிர் என்பார்கள், சொல்லிவிட்டுப் போகட்டும். கலிபோர்னியாவில் ஐசியூவில் ஒரு நர்ஸுக்கு இரண்டு நோயாளிக்கு மேல் கூடாது என்று சட்டமே நடப்பில் இருக்கிறது. பல மாநிலங்களில் அப்படி இல்லை, நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

லீவையும் அப்போதே சொல்லிவிடுங்கள். தீபாவளிக்கு இரண்டு நாள் வேண்டும் என்றேன், என்ன ஏது என்று கேட்காமல் குறித்துக்கொண்டார். பினாங்கில் நான் முன்பு இருந்த இடத்தில் மாதக்கணக்கில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தாலும், தீபாவளி ரோஸ்டரில் என் பெயருக்கு நேரே நைட்தான் இருக்கும். "ஆள் இல்லை, எட்ஜஸ்ட் பண்ணிக்கோ லா." ஹரி ராயாவுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் நாங்கள் எட்ஜஸ்ட் பண்ணியது யார் கணக்கிலும் ஏறவில்லை. சரி, அதைத் தொடங்கினால் நிறுத்த மாட்டேன்.

சம்பளத்தை மட்டும் மேனேஜரிடம் பேசாதீர்கள், அது ஏஜென்சியில் நமக்கு வேலை பிடித்துத் தரும் ரெக்ரூட்டரின் வேலை. ஷிஃப்டை அவர்களே கேன்சல் பண்ணினால் காசு உண்டா என்பதையும் ரெக்ரூட்டரிடமே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.